ஜாடியில் ஒட்டிய பிளாஸ்டர்

நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஈரத்துணியில் சுற்றி மூன்று மூங்கில்தண்டுகளைக் கொண்டுவந்தாள். விரல் பருமன், ஒரு சாண் நீளம். மண் வேண்டாம், கூழாங்கல்லும் தண்ணீரும் போதும், நேர்வெயில் படக்கூடாது, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்று, வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனாள். தொண்ணூறுகளில் ஏற்காட்டில் வேறு யார் வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. கண்ணாடி ஜாடியில் போட்டு முன்னறை மேசையில் வைத்தேன்.

வீட்டு வேலைக்கு வந்த அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மாரமங்கலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பாடம் நடத்தப் போனபின் சாவி அவரிடம்தான் இருக்கும். முதல்நாளே சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், மூங்கில் ஊட்டுக்குள்ள வர்றது ஒரே ஒரு காரியத்துக்குத்தானுங்களே" என்றார். பாடை என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை. மேசை துடைக்கும்போது ஜாடியில் கைபடாமல் சுற்றித் துடைத்தார்.

இரண்டு மாதத்தில் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாயின. ஒரு தண்டு அடியில் கொழகொழத்தது. என் கண் முதலில் அக்கா மேல்தான் போனது. ஃபினாயில் வாளி அந்த மேசைக்கருகே ஏன் இருக்கிறது? நேற்று ஓரமாக இருந்த வெள்ளைக்கல் இன்று எப்படி நடுவில் வந்தது? தண்ணீரை மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாரம் ஒருமுறை மாற்றிய குழாய்த்தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினேன். மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, ஒரு செடிக்காக ஆள்மேல் பழி போடாதே என்றார். அவர்மீதும் கோபம் வந்தது.

ஒருநாள் காலையில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஜாடிக்கு வெளியே காயத்துக்குப் போடும் பிளாஸ்டரைச் சிறிதாக வெட்டி ஒட்டினேன். மாலையில் பார்த்தால் தண்ணீர் அதற்கு அரை விரல் மேலே நின்றது.

மறுநாள் தலைவலி என்று சொல்லி இடைவேளையிலேயே திரும்பி, பின்வாசல் வழியாக நுழைந்தேன். அக்கா தொட்டியருகே நின்று கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குப்போசி.

"அதுல என்னக்கா?"

"மழத்தண்ணிங்க டீச்சர். கொழாயில மருந்துவாடை நொம்ப அடிக்குதுங்க. எங்கூட்டு வெத்தலக்கொடி அந்தத் தண்ணியிலதான் கருகிப்போச்சு. கொஞ்ச நாளாவே எங்கூட்டுல புடிச்சு எடுத்தாறனுங்க."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மூங்கில் ஆகாது என்றவளுக்கு இப்போது என்ன அக்கறை என்று நீங்கள் நினைப்பீர்களே என்றார். பேசிக்கொண்டே ஜாடியைத் துடைத்தவரின் விரல் பிளாஸ்டரில் நின்றது.

"இது எதுக்குங்க?"

"விரிசல் மாதிரி தெரிஞ்சுது" என்றேன்.

அவர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரிசல் எதுவும் இல்லை. தண்ணீரைப் பார்த்தார், பிளாஸ்டரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் ஜாடியை மேசையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அழுகிய தண்டை எறிந்தேன். மழைநீரில் மற்ற இரண்டும் பிழைத்துத் துளிர்த்தன. அக்கா வேலையை விட்டுவிடவில்லை. ஆனால் அதன்பின் என் வீட்டில் எதை எடுப்பதானாலும், அது உப்பு ஜாடியானாலும், "தொடட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். மாற்றலாகி மலையிறங்கியபோது ஒரு தண்டை அவரிடம் நீட்டினேன்.

"உங்களுக்கு வந்ததுங்க, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். மன்னிப்பு என்ற ஒரு சொல் அப்போதும் என் வாயில் வரவில்லை.