சேற்றில் நின்ற காலைப் படகு

பத்திரிகையில் பிழை திருத்தும் வேலையை விட்டபின், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு மாடி அலுவலகத்தில் சேர்ந்தேன். இங்கிலாந்தில் ஓர் ஆற்றில் ஓடும் பயணிகள் படகுகளுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. கடலோடு சேர்ந்து அந்த ஆறும் தினம் இருமுறை ஏறி இறங்கும். ஏறினால் தாழ்வான பாலத்தடியில் படகு நுழையாது. இறங்கினால் ஆற்றின் மேல்கோடியில் இருக்கும் மேல்துறையில் சேறுதான். தண்ணீரின் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். அலுவலகம் போகிறவர்களின் நேரம் தள்ளிப்போகாது.

காலைப் படகின் கேப்டன் புறப்படுமுன் போன் செய்வார். அப்போது இங்கே பகல் பன்னிரண்டு. மேல்துறையில் தண்ணீர் எப்படி என்று கேட்பார். தாளைப் பார்த்துச் சொல்வேன். ஒக்கலிபுரத்தில் தனி அறையில் இருந்த எனக்குப் பல நாட்கள் அதுதான் நீண்ட பேச்சு.

வசந்தத்தில் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். தண்ணீர் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் நீர்க்கணக்குப் புத்தகம் மட்டும் பழைய நேரத்திலேயே இருக்கும். அட்டவணை போடுகிறவர்தான் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த கடிகாரம் எதுவும் அப்படி நகர்ந்ததில்லை. கூட்டாமல் விட்டேன். கடிகாரம் மாறிய மறுநாள், திங்கட்கிழமையும் கேப்டன் கேட்டார். தண்ணீர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, போகலாம் என்றேன். உண்மையில் அப்போதுதான் ஆறு அடிமட்டத்தில் இருந்தது. துறை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகு சேற்றில் அமர்ந்தது. தண்ணீர் திரும்பும்வரை பயணிகளும் அதிலேயே அமர்ந்திருந்தார்கள்.

சரிபார்க்காமல் ஓட்டியதாகப் படகு நிறுவனத்தார் கேப்டனைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். விசாரணை முடிந்தால் வேலையே போகலாம். எங்கள் அட்டவணையை யாரும் சந்தேகிக்கவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, கன்னடம் கலந்த தமிழ் பேசும் என் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"சும்னே இருப்பா. அவங்களே கேப்டன் மேல போட்டுட்டாங்க. நீ போன்ல சொன்னது யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும், சார்."

"இங்க ஆறு பேரு இதுல சாப்பிடறோம். அதயும் யோசி."

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்த நிறுவனத்துக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதினேன்: அட்டவணையில் என்ன பிழை, போனில் நான் சொன்னது என்ன. அனுப்பிய பிறகே மேலாளருக்குக் காட்டினேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. கேப்டன் வேலைக்குத் திரும்பிவிட்டார்; இனி அட்டவணையை அங்கேயே போட்டுக்கொள்வார்கள். மேலாளர் அதை எல்லோர் முன்பும் வாசித்தார். என் பெயரைச் சொல்லவில்லை. மாத முடிவில் இருவர் வேலையிழந்தார்கள்; நான் அவர்களில் இல்லை. மின்னஞ்சலைப் பற்றிக் கேப்டனுக்கு யாராவது சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. மிச்சமிருந்த மூவரும் நான்கு மணிக்குக் கீழே டீ குடிக்கப் போகும்போது என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.