இரண்டு விசில்

ஆரல்வாய்மொழி காற்றாலைகளுக்கு அப்பால் ஒரு பொட்டலில்தான் அந்த பஸ் கண்டக்டரைப் பார்த்தேன். லீவு நாளிலும் காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், தோளில் வெளிநாட்டு மஞ்சள் கிளி. அவர் இரண்டு விசில் ஊதினால் கிளி பறக்கும். ஒரு விசிலுக்குத் திரும்பிவந்து உள்ளங்கையில் சூரியகாந்தி விதை தின்னும்.

அன்று கிளி உயரத்தில் வட்டமடிக்கும்போது, ரோட்டில் வந்த பஸ்ஸை அதன் கண்டக்டர் ஒரு விசில் ஊதி நிறுத்தினார். கிளி நேராக அந்த பஸ் ஜன்னலில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஓடினோம். "அண்ணாச்சி, வேற சத்தத்துக்குப் பழக்கப்பிடாதா?" என்றேன்.

"இருவது வருசமா இதைத்தான் ஊதுகேன் மக்கா. வேற சத்தம் கேட்டா நானே திரும்ப மாட்டேன்."

கிளியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். எல்லாரும் வேடிக்கை பார்க்க, பஸ் கிளம்பாமல் நின்றது. பழக்கதோஷத்தில் இவரே இரண்டு விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. கிளியும் கிளம்பியது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போதும் பஸ்ஸில் இரண்டு விசில் கேட்டால் நான் வானத்தைப் பார்த்துவிடுகிறேன்.