செவ்வாய்க்கிழமை நாலரை மணி

வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் நேரம் ஒன்றுதான் என்று நாற்பத்தேழு வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் 1969இல் ஒரு செவ்வாய்க்கிழமை காரைக்குடியில் பதினைந்து ரூபாய்க்குக் கார் பேசி ஏறினேன். கூட, நான் மொழிபெயர்ப்புக்குத் துணைபோன ஜெர்மன்காரர் ஹான்ஸும் அவருடைய இங்கிலீஷ் மனைவி மேரியும். ஒன்பது மைலில் கானாடுகாத்தான். அங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் ஓடும் சுவர்க்கடிகாரம் ஹான்ஸின் தாத்தா செய்தது. அதைப் பார்க்கவே அவர் கப்பலேறி வந்திருந்தார். திரும்பிப்போகக் காரைக்குடியில் ரயில் ஐந்தே காலுக்கு.

மூன்றரைக்குப் போய்விடுவோம் என்றேன். ஹான்ஸ் தன் மொழியில் ஏதோ சொன்னார். "பாதி நாலு" என்று அர்த்தமாம். மிரண்டுபோனேன். மேரி விளக்கினார்: இங்கிலீஷ்காரர்கள் முடிந்த மூன்றைத் திரும்பிப் பார்த்து அரையைச் சேர்ப்பார்கள், ஜெர்மன்காரர்கள் வரப்போகும் நாலைப் பார்த்து, அதில் பாதி ஆகிவிட்டது என்பார்கள்.

"என்ன பேசிக்கிறாக?" என்றார் டிரைவர் சேது.

"மூணரை மணியைப் பத்தி."

"மூணரைக்கா போறீக? இன்னைக்கு நாலரை வரைக்கும் ராகுகாலம். ஆச்சி தலைவாசலைத் தொறக்கமாட்டாக."

நாலே முக்காலுக்குக் கிளம்பாவிட்டால் ரயில் இல்லை.

வீட்டுக்கார ஆச்சிக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்.

"ஆச்சி, பின்கட்டு வழியாப் போயிட்டா?" என்றேன்.

"கடிகாரத்துக்குச் சாவி குடுக்க நான் அப்படித்தான் போறேன். கடல் தாண்டி வந்தவுகளைக் கொல்லை வழியாக் கூட்டிப்போகச் சொல்றீகளாக்கும்."

ஹான்ஸிடம் 'ஐந்து நிமிடம்' என்று நாலு முறை சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடத்தை ஐந்து நிமிடமாகவே எடுத்துக்கொள்ளும் மனிதர் அவர்.

"அவுகளுக்கு என்ன வயசு?" என்றார் ஆச்சி, ஹான்ஸைப் பார்த்து.

"முப்பத்தொம்பது."

"முடிஞ்சதா, நடக்குதா?"

கேட்டுச் சொன்னேன். முடிந்ததாம்.

"அப்ப நாப்பது நடக்குதுன்னு சொல்லுங்க."

இதை இங்கிலீஷில் சொன்னதும் ஹான்ஸ் எழுந்தேவிட்டார். ஜெர்மனியில் மணியும் இப்படித்தான் நடக்கிறது என்றார். அதை ஆச்சியிடம் சொன்னேன்.

"அவுக தெளிவாத்தான் இருக்காக. நீங்கதான் வேர்த்துப்போயிருக்கீக" என்றார் ஆச்சி.

ஹான்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பாதி ஐந்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்றார்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் தாத்தாவின் கடிகாரம் அடித்தது. நாலா, ஐந்தா, யார் பக்கம் என்று எண்ணக் காத்திருந்தேன். அரை மணிக்கு உள்ள ஒரே அடிதான். ஆச்சி எழுந்து கதவைத் திறந்தார். ஹான்ஸ் கடிகாரத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றார். ரயிலைப் பிடித்துவிட்டோம்.