காலி நிலம் என்று கொடுத்தார்கள்

மஞ்சள் பூப்போட்ட மேசைத் துணி ஒன்று அக்காளிடம் இருந்தது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு மட்டும்தான் அதை வெளியே எடுப்பாள். மறுநாளே துவைத்து மடித்து பீரோவில் பூட்டிவிடுவாள். அந்தத் துணியை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அத்தான் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, பிண்டம் வைக்கும் சிமெண்டுத் திட்டின் மேல் விரித்தார். காற்றில் பறந்துவிடாமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தார். கல் தெரியக்கூடாது என்று துணியின் ஓரத்தை மடித்துக் கல்லை மூடினார். அதன் மேல் உளுந்து வடை, கறிபாப், பெரிய பிளாஸ்க்கில் தேநீர். மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "எப்படிடா இருக்கு, கல்யாண வீடு மாதிரி இல்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தத் துணிக்கு அடியில் முதல் நாள் வரை சோற்று உருண்டைகளும் எள்ளும் இருந்தன என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு அழகாக இருந்தது.

அத்தான் என் அக்காள் கணவர். கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் உள்ளே திரும்பி, செம்பனைக் காட்டைத் தாண்டிப் போனால், ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் அவருடைய படகு நிற்கும். மீன்பிடிப் படகுதான், ஆனால் மீன் பிடிப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். அஸ்தி கரைக்க வருகிறவர்களைக் கழிமுகம் வரைக்கும் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதே அவர் பிழைப்பு. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். வேறு வேலைகளுக்குப் போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நாலு பேரிடம் பேசவேண்டியிருந்தது, எனக்கு அது வராது. அத்தான் என்னைப் படகில் வைத்துக்கொண்டார். இன்ஜினையும் கயிற்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. படகில் ஏறுகிறவர்களிடம், "இவன் பேசமாட்டான், இன்ஜின்தான் பேசும். கோவிச்சுக்காதீங்க" என்று அறிமுகம் செய்துவைப்பார்.

பிரிக்பீல்ட்ஸ், சாலாக் செலாத்தான், சுங்கை பூலோ என்று எங்கிருந்தெல்லாமோ வேனில் வருவார்கள். போகும்போது அத்தான் ஒரு வார்த்தை பேசமாட்டார். கலயத்தைத் தண்ணீரில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் படகைத் திருப்பிய பிறகுதான் வாயைத் திறப்பார். இறந்தவருக்குச் சாப்பாட்டில் எது பிடிக்கும் என்று கேட்பார். யாராவது அழுகையோடு ஆட்டுக்கறிப் பிரட்டல் என்பார்கள். "அப்ப பதினாறாம் நாளு என்னையும் கூப்பிடுங்க லா" என்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். கரைக்கு வந்து சேருமுன் அந்த அப்பாவோ அம்மாவோ எப்படிச் சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் அவர் செய்த வேலைகளில் அதுதான் பெரிய வேலை என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கரை மாநில அரசின் நிலம். அத்தான் வாலிபராக இருந்தபோது, மாவட்ட அதிகாரி ஒருவர் தம் தமிழ் டிரைவரின் அஸ்தி கரைப்புக்கு வந்திருக்கிறார். கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகும்போது, இந்த இடத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், சுத்தமாக மட்டும் வைத்திருங்கள் என்று மலாயில் சொன்னாராம். அந்த வாய்வார்த்தைதான் எங்களுக்கு உரிமம். அத்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அரசாங்க நிலம் என்பதால் ஒரு வாழைக்கன்றுகூட நடவில்லை. கூரை போடவில்லை. வெயிலுக்கு ஒரு தார்ப்பாயைக் கட்டுவோம், சாயங்காலம் அவிழ்த்துவிடுவோம். அந்தச் சிமெண்டுத் திட்டு ஒன்றுதான் அவர் கட்டியது. அதற்கே பல நாள் யோசித்தார். காரியம் செய்ய வழக்கமாக வரும் பண்டாரம், "ஒரு சூலத்த நட்டு மஞ்சத் துணியக் கட்டிடுங்கண்ணே, அப்புறம் எவனும் கைவைக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அத்தான் ஒருமுறை அவரை நேராகப் பார்த்து, "சாமிய ஜாகா வேலைக்கு நிக்கவைக்கச் சொல்றியா?" என்று கேட்டார். பண்டாரம் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காவல்காரன் வேலையை இங்கே ஜாகா என்போம். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

நில அலுவலகத்தில் வேலை செய்யும் தமிழர் ஒருவரின் அம்மாவுக்கு நாங்கள்தான் படகு விட்டோம். அந்த நன்றியில் அவர் போன் செய்து, வெள்ளிக்கிழமை மாநிலத்திலிருந்து அதிகாரிகள் இடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் சொன்னார். எதற்கு வருகிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் அத்தானுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை வருடம் சுத்தமாக வைத்திருந்ததற்குப் பலன் வந்துவிட்டது, இடத்தை நம் பேரில் எழுதத்தான் வருகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார்.

வியாழன் முழுக்க வேலை. வாழை இலைகள், உடைந்த கலய ஓடுகள், தர்ப்பைக் கட்டு, மூங்கில் கழிகள், கருமக்கிரியைக்கு வந்தவர்கள் விட்டுப்போன வேட்டி துண்டுகள், எல்லாவற்றையும் வேனில் ஏற்றினோம். தார்ப்பாயையும் கழற்றினோம். படகின் முனையில் எப்போதும் தொங்கும் காய்ந்த மாலையை அறுத்தெடுத்த பிறகும் அத்தானுக்கு மனம் கேட்கவில்லை. படகையே வளைவுக்கு அப்பால், கண்டல் மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் குடும்பம் ஒன்று வருவதாக இருந்தது. அவர்களை மதியத்துக்கு மேல் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டதால், கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் சாலையோர முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தார்கள். எதற்கு இவ்வளவும் என்று அக்காள் கேட்டதற்கு அத்தான் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நல்ல காரியத்துக்கு வர்றவங்க கண்ணுல எழவு சாமானக் காட்டுவாங்களா? அவங்க வேற மதத்து ஆளுங்க, மூஞ்ச சுளிச்சிட்டா என்னா பண்றது?" அக்காளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கும்தான். சாவுத் தீட்டை விருந்தாளிக்கு மறைப்பது எங்கள் வீடுகளில் யாரும் சொல்லித்தந்து செய்வதல்ல.

மூன்று பேர் வந்தார்கள். மரியாதையானவர்கள். அத்தான் ஆளுக்கொரு துண்டு போர்த்தினார். திட்டைச் சுற்றி உட்கார்ந்து வடையைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது முறையும் எடுத்துக்கொண்டார்கள். மூத்தவர் எழுந்து கரையோரமாக நடந்தார். ஆற்றைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். திரும்பி வந்து, இங்கே ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். குப்பை கூளமோ, அத்துமீறிக் கட்டிய குடிசையோ இருக்கிறதா என்று கேட்பதாக அத்தான் நினைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, "தாக் அடா, துவான்" என்றார். ஒன்றும் இல்லை, ஐயா. சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். கார் மறைந்ததும் அத்தான் மாமாக் கடைக்குப் போன் போட்டு, வரச்சொன்னார். பிரிக்பீல்ட்ஸ் குடும்பம் கலயத்தோடு இறங்கி வந்தது. நாங்கள் மேசைத் துணியை மடித்தோம்.

அதன்பின் பல மாதம் பேச்சே இல்லை. ஒருநாள் பத்திரிகையில் வந்தது. ஆற்றங்கரை நிலத்தை மாநில அரசு நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைக்கிறது, அங்கே அமையும் மரினாவை நகராண்மைக் கழகமே நிர்வகிக்கும் என்று. உல்லாசப் படகுகள் நிறுத்தும் இடம் என்று படம் வேறு போட்டிருந்தார்கள். அத்தான் அதற்கும் சந்தோஷப்பட்டார் என்றால் நம்புவீர்களா? மாநில அரசு ஷா ஆலாமில் இருக்கிறது, நகராண்மைக் கழகம் பக்கத்தில் இருக்கிறது, பேசுவது சுலபம், படகு நிறுத்தும் இடம்தானே, நம்முடையதும் படகுதானே என்றார். வேலி போடும் ஆட்கள் வந்து திட்டை இயந்திரத்தால் உடைத்த அன்றுதான் சட்டையை மாற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இருந்த அதிகாரி தமிழ்ப் பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். எங்களை உட்காரவைத்து முழுவதும் கேட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஐயா, மாநிலம் எங்ககிட்ட குடுக்கும்போது காலி நிலம்னுதான் குடுத்தாங்க. மரினாவுக்கு மட்டும்தான்னு கண்டிஷனோட. உங்க காரியம் அங்க நடக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா ஒரு மூலைய ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நேர்ல வந்து பார்த்தாங்களே, அன்னிக்கு நீங்க ஒன்னுமே காட்டலையா?"

அத்தான் மேசையின் ஓரத்தைக் கையால் துடைத்தார். பிறகு, "டீ குடுத்தோம்மா" என்றார்.



அப்புறம் அலைந்தோம். நிபந்தனையை மாற்றவேண்டுமென்றால் மாநிலம்தான் மாற்றவேண்டும் என்றது நகராண்மைக் கழகம். நிலம் இப்போது எங்களிடம் இல்லை, வைத்திருப்பவர்களைக் கேளுங்கள் என்றது மாநிலம். கொடுத்தவரும் அரசாங்கம், வாங்கியவரும் அரசாங்கம். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய பொருளுக்குள் நாங்கள் இருந்தோம் என்பதை இரண்டு கைகளும் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி துடைத்துப் பெருக்கிவைத்ததும் நாங்கள்தான். சுத்தமாக வைத்திருங்கள் என்றார் அந்தப் பழைய அதிகாரி. இதைவிடச் சுத்தமாக ஒரு மனிதன் எப்படி வைத்திருக்க முடியும்? சூலம் நட்டவர்களுக்கெல்லாம் மாற்று இடம் கிடைத்திருக்கிறது. அதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். ஊருக்கு அடங்கி, சட்டத்துக்கு அடங்கி, வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்த பெயர் காலி.

படகை லோரியில் ஏற்றி வீட்டு முன்னால் இறக்கினோம். ஆட்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். மோரிப் கடற்கரைப் பக்கம் போங்கள் என்பார் அத்தான். எங்கே, எப்படி என்று கேட்டால் போனை அக்காளிடம் கொடுத்துவிடுவார். வேடிக்கைப் பேச்சு நின்றுபோனது. அக்காள் சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், உட்காருவார், எழுந்து போவார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மரினா திறந்ததும் துப்புரவுக் குத்தகைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நீண்ட கம்பில் கட்டிய வலையோடு மிதவைப் பாலத்தில் நடந்து, மிதக்கும் குப்பையை அள்ளவேண்டும். யாரிடமும் பேசவேண்டியதில்லை. மரினாவுக்குள் அலை வராமலிருக்கக் கல் அணை கட்டிய பிறகு நீரோட்டம் மாறிவிட்டது. வெளியே எது விழுந்தாலும் கடல் ஏற்றத்தில் உள்ளே வந்து ஒரே மூலையில் சுற்றிக்கொண்டு நிற்கும். வேலையில் சேர்ந்ததை அத்தானிடம் சொன்னபோது திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. "நீயாவது தண்ணி பக்கத்துல இரு" என்றார்.

அவர் போன வருடம் இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார். மோரிப்புக்குக் கொண்டுபோகலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அக்காள் கேட்கவில்லை. "ஊரு சனத்தையெல்லாம் எங்க கொண்டுபோயி கரைச்சாரோ, அங்கதான்" என்றாள்.  மரினா வேலிக்கு வெளியே கல் அணையின் ஓரமாக ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் போனோம். உறுமி இல்லை, சங்கு இல்லை. அக்காள் மகன் மொட்டைத் தலையோடு பாறையில் வழுக்கி வழுக்கி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று கலயத்தை விட்டான். செவ்வந்தி மாலையை அக்காளே கட்டியிருந்தாள். நூல் தண்ணீரில் அவிழ்ந்துவிடும் என்று, படகில் கிடந்த நீல நிறத் தூண்டில் நரம்பை எடுத்துக் கட்டியிருந்தாள். அலை அதைக் கொண்டுபோனது. முறைப்படி யாரும் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். வரும்போது அவருக்குச் சாப்பாட்டில் எது பிடிக்கும் என்று எங்களைக் கேட்க ஆளில்லை.

எனக்கு அன்று ஒருநாள்தான் விடுப்பு. மறுநாள் காலை வலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த மூலையில், வெள்ளைப் படகு ஒன்றுக்கும் மிதவைக்கும் நடுவில், வெற்றிலையும் செவ்வந்தியும் எண்ணெய்ப் படலத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன. மாலை அறுந்து இரண்டு துண்டாகியிருந்தது. நீல நரம்பின் முடிச்சு அவிழவில்லை.

அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். இறக்கத்தில் ஒருவேளை வெளியே போய்விடும். ஆனால் படகின் சொந்தக்காரர் மேல்தளத்தில் கோப்பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், சீனப் பெருநாள் வந்தால் ஆரஞ்சுப் பழம் கொடுப்பவர். நான் வலையை இறக்கி ஒரு துண்டை அள்ளி, பானப் போத்தல்களும் நெகிழிப் பைகளும் கிடந்த கறுப்புப் பைக்குள் போட்டேன். வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"அங்கிள்" என்று மேலேயிருந்து அவர் கூப்பிட்டார். படகின் நிழலுக்குள் கைகாட்டி, "சானா சத்து லாகி" என்றார். அங்கே இன்னும் ஒன்று இருக்கிறது என்று.

போய் அதையும் அள்ளினேன்.