கால் மணி நேரக் கணவன்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கர்நாடக எல்லையோர ஹனூரிலிருந்து கிளம்பி, திருப்பூர், குடகு என்று சுற்றிவிட்டு அந்த வருடம் மைசூரில் கட்டட வேலையில் இருந்தேன். என் தகரக் கொட்டகைக்கு அடுத்த வீட்டில் ஒரு அக்கா. அவளும் ஹனூர்ப் பக்கம்தான். தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்றாள். பூ அவளுடையது அல்ல. மொத்த வியாபாரி கொடுப்பதை விற்றுக் கொடுத்து, அவன் தருவதை வாங்கிக்கொள்வாள். சொந்தமாகப் பூ எடுக்கக் கைமுதல் வேண்டும்.

அதற்காகத் தெருவில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு பைனான்ஸ் கம்பெனியில் குழுக் கடன் கேட்டிருந்தார்கள். ஐவரில் ஒருத்தி குறைந்தாலும் யாருக்கும் கிடையாது. கணவனும் கையெழுத்துப் போட வேண்டும், சேர்ந்து போட்டோவுக்கு நிற்க வேண்டும். அக்காவின் கணவன் காணாமல் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

“கால் மணி நேரம் எம் புருசனா இருந்துட்டுப் போ தம்பி” என்றாள்.

அவள் ஆதாரில் இன்னும் அப்பா பெயர்தான் இருந்தது. எந்த ஆணின் ஆதாரை நீட்டினாலும் செல்லும் என்றாள் குழுத் தலைவி. “ஆபீசர் முன்னால தம்பின்னு கூப்பிட்டுத் தொலைச்சிராத” என்றும் அவளை எச்சரித்தாள்.

நான் ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை குடகுக்குக் கிளம்பப் போவதை மட்டும் சொல்லவில்லை.

மற்ற நால்வரின் வேலையை முடித்துவிட்டு அக்கா வீட்டுக்குக் கம்பெனி ஆபீசர் வந்தார். சின்ன வயது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நால்வரும் வாசலில் நின்றார்கள்.

“மதுவே ஆகி எஷ்டு வர்ஷ ஆய்து?” கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கன்னடத்தில் கேட்டார்.

“பத்து” என்றேன். அதே நேரத்தில் அவள் “பதிமூணு” என்றாள்.

ஆபீசர் தலையைத் தூக்கினார். தலைவி முந்திக்கொண்டாள். “எந்த ஆம்பளைக்கு சார் கல்யாண வருசம் ஞாபகம் இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். 

போட்டோ எடுத்தார். பிறகு என் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். “பணம் வந்தா இவருக்குத்தான் போன் வரும். எடுக்க இவரும் கூட வரணும்” என்றார் தமிழில்.

அக்கா நிமிர்ந்தாள். “எதுக்குங்க? பூ விக்கிறவ நானு.”

“ரூல்ஸ்ம்மா. தவணை நின்னா முதல்ல இவரத்தான் தேடுவோம்.”

தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“நீ இங்கயேதான் இருப்பியா?”

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்று பேனாவைக்கூடத் தொடவில்லை. அவள் தாளை இழுத்துக்கொண்டாள்.

“இவரு எம் புருசன் இல்லீங்க. அவன் ஓடிப் போயிட்டான். நான் ஒருத்திதான். அப்படியே எழுதுங்க.”

“அப்படி எழுத இடமில்லம்மா. செத்திருந்தா சர்ட்டிபிகேட் குடுங்க.”

“சாகலையே, என்ன பண்ணட்டும்?”

“அடிப்பாவி, எங்க நாலு பேரு வாயிலயும் மண்ணப் போட்டியே!” என்று தலைவி கத்தினாள். ஆபீசர் ஹெல்மெட்டை மாட்டினார். இரண்டு மணிக்குள் அக்காவுக்குப் பதில் வேறு ஆள் காட்டினால் பார்க்கலாம் என்றார்.

காட்டினார்கள். பின் தெருவில் ஒருத்தி கிடைத்தாள். அவள் கணவன் பகலிலேயே குடித்திருந்தான்; ஆனால் இருந்தான். அவன் நம்பரை எழுதிக்கொண்டு, அவனையும் மனைவியையும் எதிர்ச்சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தார் ஆபீசர். அக்கா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க இருந்தாலும் போன் எடுத்திருப்பேன்க்கா” என்றேன்.

“உன்னையும் ஊர் ஊராத் தேடவா? ஒருத்தனத் தேடுனதே போதும்” என்றாள்.

மறுநாள் விடியுமுன் கூடையோடு கிளம்பினாள், அந்த மொத்த வியாபாரியின் பூவை விற்கத்தான்.