பனியன் பெட்டியில் என் முகம்

எனக்கு அப்போது எட்டு வயது. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சின்னதாகக் கம்பெனி வைத்துக் குழந்தைகள் பனியன் தைத்துக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டியின் மேல் போட ஒரு முகம் வேண்டுமென்று, பாக்கெட் வைத்த பனியனை எனக்கு மாட்டி, கம்பெனி மொட்டை மாடியில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். அதற்கு முன் ஒரு வாரம் நான் பீரோக் கண்ணாடியில் சிரித்துப் பழகியிருந்தேன். எந்தச் சிரிப்பு எனக்கு எடுப்பாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மாதிரிப் பெட்டி வந்ததும் பகீரென்றது. அதில் இருந்தவளுக்கு வாய் கோணியிருந்தது. வகிடு இடம் மாறியிருந்தது. கன்னத்து மச்சம் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

"இது என்ற மூஞ்சி இல்லீங்க மாமா."

மாமா சிரித்தார். நான் விடவில்லை. காதர்பேட்டை பனியன் கடைகளிலெல்லாம் இந்தக் கோணல் வாய்க்காரி போய் உட்காருவதா? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, வாங்கி வந்த பப்ஸையும் தொடவில்லை. மூன்றாம் நாள் அவருடைய பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பெட்டிக்குப் படம் போட்டுக் கொடுத்த டிசைன் கடைக்குப் போனால்தான் இறங்குவேன் என்றேன்.

கடைக்கார அண்ணனிடம் சுவர்க்கண்ணாடியில் என்னைக் காட்டி, மச்சம் எந்தப் பக்கம் தெரிகிறது பாருங்கள் என்றேன். அவர் ஒரே தட்டில் படத்தை இடவலமாகத் திருப்பினார். திரையில் நான் வந்துவிட்டேன். பாக்கெட்டும் வலப்பக்கம் போய்விடுமே என்று அவர் இழுத்தார். பாக்கெட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் சொல்ல, அதற்குமேல் மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் மாமா தலையாட்டிவிட்டார்.

புது மாதிரிப் பெட்டி வந்ததும் மாமாவோடு வீட்டுக்குப் போய்ப் பெருமையாக அதை அம்மாவிடம் நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதாரு தம்பி? நம்ம புள்ளையாட்டவே இல்லியே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தினமும் தலை வாரிவிடுகிறவளுக்குப் பெற்ற மகளின் முகம் தெரியவில்லையா? அப்பாவும் எட்டிப் பார்த்துவிட்டு, முதல் படம்தான் நன்றாக இருந்தது என்றார். நான் அழுது ஊரைக் கூட்டி, புதுப் பெட்டியையே அச்சடிக்க வைத்தேன். பாக்கெட் ஏன் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்ட வியாபாரிகளுக்கெல்லாம் மாமாதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா மட்டும் முதல் பெட்டியிலிருந்த படத்தைக் கத்தரித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். என்னைச் சீண்டத்தான் அப்படிச் செய்கிறாள் என்று ரொம்ப நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். நான் சண்டை போட்டு ஜெயித்தது கண்ணாடியில் நான் மட்டும் பார்த்துப் பழகிய முகம் என்பதும், நான் வேண்டாமென்று தள்ளியவளைத்தான் அம்மா எட்டு வருடமாகக் கொஞ்சிக்கொண்டிருந்தாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.