நான் நிரப்பிய பிரசவப் படிவம்

நான் வேலை பார்க்கும் புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று இனிப்புக்கடையில் சொன்னால், ஆணா பெண்ணா என்று கேட்கமாட்டார்கள். பேடாவா பர்ஃபியா என்பார்கள். பேடா பையனுக்கு. நான் பர்ஃபி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முதல் துண்டைப் பிரசவ அறையிலிருந்து வந்த ஆயாவின் கையில்தான் வைத்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்நாட்டில் எங்கள் பக்கத்து வழக்கம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோதெல்லாம் மாமியார் என் மனைவி செல்வியை ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். நான்தான் மறுத்தேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரி, படித்த டாக்டர்கள் என்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, கவனிப்பு திருப்தியா என்று கேட்டு மராத்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு படிவம் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ரேஷன் கார்டோ பென்ஷனோ, நான் எழுதுவேன். மற்றவர்கள் விரலை நீட்டுவார்கள். அதே பழக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' என்று டிக் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் செல்வியிடம் நீட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேட்டாள். பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். வலி நேரத்தில் கனிவாக நடந்துகொண்டார்களா என்ற கேள்வி வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆயா தொடையில ஓங்கி அடிச்சுச்சு. அவங்க சொன்னது புரியாம கால மடக்கிட்டேன், அதுக்கு."

ஊருக்கே அனுப்பியிருக்கலாமோ என்று இழுத்தேன்.

"ஊர்லயுந்தான் அடிப்பாங்க. எங்கக்காவ அடிக்கலையா? ஆனா எங்கம்மா வெளிய நின்னு, எம்புள்ளைய எவடி தொட்டதுன்னு கத்துச்சு. நீங்க இனிப்புக் குடுத்தீங்க."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட்டார். என் அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னதும் பழைய படிவத்தை எடுத்து, செல்வியின் கையெழுத்தைக் காட்டினார். நான் அசையவில்லை. கடைசியில் புதிதாக ஒன்றைத் தந்தார்.

வீட்டில் பேனாவைத் திறந்தேன். செல்வி வாங்கிக்கொண்டாள். எட்டாவது வரை படித்தவள். இங்கே யாருக்கும் தமிழ் தெரியாதே என்றேன்.

"அதுக்குத்தான நீங்க இருக்கீங்க. அடியில எழுதுங்க."

மராத்திக் கேள்விக்குக் கீழே 'அடித்தார்கள்' என்று குண்டு குண்டாக எழுதினாள். கொஞ்சம் நாகரிகமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்று என் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவள் விட்டுவைத்த ஒரு விரல்கடை இடத்தில் எழுதத் தொடங்கினேன்.